பெருவிரல் ஏன் கோணுகிறது?

ஆண்டு முழுவதும் நம்மைச் சுமந்து திரியும் பாதங்களுக்கு நம் பங்குகளில் ஒரே ஒரு நாள்தான் மரியாதை கிடைக்கிறது. பெரிய வியாழன் மாலையில், பாதம் கழுவும் சடங்குக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட பன்னிருவரும் வீட்டிலேயே கால்களைத் தேய்த்துக் கழுவி, நகங்களையும் வெட்டிக்கொண்டுதான் கோவிலுக்கு வந்து சேருகின்றனர். 2016-ஆம் ஆண்டு முதல் பெண்களும் இச்சடங்கில் பங்குபெற வழி பிறந்திருக்கிறது. அன்று பீடத்தின் முன் வரிசையாக நீளும் கால்களைச் சற்று உற்று நோக்குங்கள். வயது முதிர்ந்தோருள் சிலருடைய பெருவிரல் நேராக நில்லாமல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்திருக்கும். அப்பெருவிரலின் அடியில், பாதத்தின் உட்புற விளிம்பில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பும் தெரியும். கண்டவர் பலர், அது என்னவென்று கேட்டவர் சிலரே.

ஆங்கில மருத்துவர்கள் இதனைப் ‘பனியன்’ என்கின்றனர். நாம் சட்டைக்குள் உடுத்தும் பனியனுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. மருத்துவ நூல்கள் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்னும் இலத்தீன் பெயரால் இதனைக் குறிக்கின்றன. நம் வீடுகளிலோ, ‘எலும்பு வளர்ந்துவிட்டது’ என்பார்கள். ‘கால் ஆணி’ என்பார்கள். ‘வாதம்’ என்று சொல்லி முடித்துவிடுபவர்களும் உண்டு. இம்மூன்றுமே சரியல்ல. இக்கட்டுரையில் இதனைப் பெருவிரல் கோணல் என்றே அழைப்போம்.

இது அரிய நோயன்று. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, 18 முதல் 65 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கும், 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினருக்கும் இக்கோணல் ஏதோ ஓர் அளவில் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. அப்படியானால் நம் குடும்பங்களிலும் இது இருக்கத்தான் செய்யும். வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நமக்குத் தெரியாமற் போகிறது.

பாதத்தின் அமைப்பு

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. இவையன்றி, பெருவிரல் மூட்டின் அடியில் இரண்டு சிறு எலும்புகள் தசைநாருக்குள் புதைந்து கிடக்கின்றன. எள் விதையைப் போன்றவை என்பதால் மேனாட்டார் அவற்றுக்கு எள்ளின் பெயரையே சூட்டியுள்ளனர். நாம் நடக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது. உடலின் பாரம் மெல்ல முன்னோக்கி நகர்கிறது. முடிவில் பெருவிரலே தரையை உந்தி நம்மை முன்னே தள்ளுகிறது. தோணிக்காரனுக்குத் துடுப்பு எப்படியோ, நடப்பவனுக்குப் பெருவிரல் அப்படி.

கோணல் விழும்போது நடப்பது இதுதான். பெருவிரலுக்குப் பின்னால் பாதத்தினுள் இருக்கும் நீண்ட எலும்பு, மற்றப் பாதத்தை நோக்கி உட்புறமாக விலகுகிறது. பெருவிரலோ அதற்கு நேர் எதிராகச் சிறு விரல்களின் பக்கம் சாய்கிறது. இரண்டும் சந்திக்கும் மூட்டு, மடித்த முழங்கையைப் போல வெளியே துருத்திக்கொள்கிறது. அங்கே தெரியும் புடைப்பு, முன்பிருந்த எலும்பின் தலை இடம் பெயர்ந்து நிற்பதே. புதிதாக முளைத்த எலும்பு என்று எண்ணுவது தவறு. அதன்மேல் செருப்பு உராய உராயத் தோல் தடித்து, தோலுக்கடியில் நீர்ப்பை வீங்கிச் சிவந்து வலிக்கிறது.

சாயத் தொடங்கிய விரல் தானாக நிமிர்வதில்லை. விரலை நேராக இழுத்துப் பிடிக்க வேண்டிய தசைநார்கள், விரல் சாய்ந்தபின் வில்லின் நாணைப் போலப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, அதனை மேலும் மேலும் சாய்க்கின்றன. ஆகையால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கோணல் மிகுவதுண்டு. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அளந்து, 15 பாகைக்கு மேற்பட்ட சாய்வைக் கோணல் என்றும், 40 பாகையைக் கடந்ததைக் கடுமையானது என்றும் மருத்துவர் வகுக்கின்றனர். படுத்த நிலையில் எடுத்த படம் உண்மையைக் குறைத்துக் காட்டும்; பாரம் ஏறும்போதுதான் பாதம் தன் நிலையை வெளிப்படுத்துகிறது.

பரம்பரையா? பாதரட்சையா?

இரண்டும் எனலாம். தாய்க்கும் பாட்டிக்கும் இக்கோணல் இருந்த குடும்பத்தில் மகளுக்கும் வருவதை அடிக்கடி காண்கிறோம். மூட்டுகளைக் கட்டும் நார்கள் இயல்பிலேயே தளர்ந்திருத்தல், தட்டைப்பாதம், முடக்குவாதம் ஆகியவையும் துணை செய்கின்றன. பரம்பரையாக வருவது பாதத்தின் அமைப்பு. அந்த அமைப்பைக் கோணலாக மாற்றுவதில் குறுகிய காலணிக்குப் பெரும் பங்குண்டு.

இதற்குச் சான்று வேண்டுமாயின், 1958-ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் இரு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். ஒரே சீன இனத்தவருள் பூட்ஸ் அணிந்து பழகியவர்களையும், வெறுங்காலுடன் வாழ்ந்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். காலணி அணிந்தோரில் 33 விழுக்காட்டினருக்குப் பெருவிரல் கோணியிருந்தது. வெறுங்காலினரில் 2 விழுக்காட்டினருக்கும் குறைவாகவே அது காணப்பட்டது. 1965-இல் செயின்ட் ஹெலினாத் தீவில் நடந்த ஆய்வும் இதையே சொல்லிற்று. காலணி அணிந்த ஆண்டுகள் கூடக் கூடக் கோணலும் கூடிற்று. அதுவும் பெண்களிடம் பன்மடங்கு கூடிற்று.

இதனினும் சுவையான சான்று ஒன்று கல்லறைகளிலிருந்து கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இடைக்காலத்தைச் சேர்ந்த நான்கு இடுகாடுகளிலிருந்து எடுத்த 177 எலும்புக்கூடுகளை அந்நகரப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்து, 2021-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோரில் 6 விழுக்காட்டினருக்கே கோணல் இருந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டினரிடையே அது 27 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. இடையில் நேர்ந்தது என்ன? நுனி கூர்த்து நீண்ட மூக்குடைய காலணி நாகரிகம் ஐரோப்பாவெங்கும் பரவியதே. வயலில் உழைத்த நாட்டுப்புற மக்களின் இடுகாட்டில் 3 விழுக்காட்டினருக்கு மட்டுமே கோணல். அகுஸ்தீன் சபைத் துறவியரும் செல்வந்தரும் அடக்கம் செய்யப்பட்ட மடத்து இடுகாட்டிலோ 43 விழுக்காடு!

வியப்பு இத்துடன் முடியவில்லை. 1215-ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் கூர்நுனிக் காலணி அணியலாகாது என்று விதித்திருந்தது. விதி ஏட்டில் இருந்தது. நாகரிகம் காலில் இருந்தது. துறவு மடத்தின் மதிலையே தாண்டிய நாகரிகம் நம் வீட்டு வாசலிலா நின்றுவிடப் போகிறது? அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. 45 வயதைக் கடந்து இறந்தவர்களுள், கோணல் உடையவர்களிடமே கீழே விழுந்து எலும்பு முறிந்த தடயங்கள் மிகுதியாக இருந்தன. பெருவிரல் தளர்ந்தால் உடலின் சமநிலையும் தளர்கிறது. முதியோர்க்கு ஒரு வீழ்ச்சி என்பது எத்தனை பெரிய துன்பம் என்பதை நம் குடும்பங்கள் நன்கு அறியும்.

நாவலூரில் மூன்று தலைமுறை

நாவலூர், தாழம்பூர், சிறுசேரி, படூர் ஆகிய ஊர்கள் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிய சிற்றூர்கள். பழைய மகாபலிபுரம் சாலை இன்று இராஜீவ் காந்தி சாலையாகி, இருமருங்கும் கணிப்பொறி நிறுவனங்கள் வானளாவ எழுந்து நிற்கின்றன. இந்த மாற்றத்தை ஒரே குடும்பத்தின் கால்களில் படிக்கலாம். நாற்று நட்ட பாட்டி வெறுங்காலுடன் வரப்பில் நடந்தாள். விரல்கள் விசிறியைப் போல விரிந்திருந்தன. தாய், வார் அறுந்தால் ஊக்குக் குத்திக்கொண்டு, இரப்பர்ச் செருப்பில் காலம் கழித்தாள். பேத்தியோ கழுத்தில் அடையாள அட்டையும் காலில் கூர்நுனிக் குதியுயர்ந்த காலணியுமாக, காலை ஏழு மணிக்கு நிறுவனப் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். குதி உயர உயர, உடலின் பாரம் விரல்களின் மேல் சரிகிறது. கூர்நுனி அவ்விரல்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. பரம்பரையாக வந்த தளர்ந்த மூட்டும் அவளிடம் இருந்துவிட்டால், முப்பது வயதிலேயே புடைப்பு தோன்றிவிடக்கூடும்.

நம் பாதமும் கடைக் காலணியும் பொருந்தாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைகளில் நாம் கேட்கும் 6, 7, 8 என்னும் எண்கள் பிரிட்டிஷ் முறையில் வகுக்கப்பட்டவை. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக மேனாட்டார் பாதத்தைவிட அகலமானது என்பது அதன் முடிவு. அகலம் போதாமையால், நம்மவர் நீளம் மிகுந்த அளவை வாங்கி அணிகின்றனர். முன்புறம் நெருக்குகிறது, பின்புறம் கழல்கிறது. பெண் பிள்ளைகளின் பாதம் 11 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளின் பாதம் 15, 16 வயதை ஒட்டியும் வளர்ச்சியின் உச்சத்தை எட்டுவதையும் அது கண்டறிந்தது. ‘பா’ என்னும் பெயரில் இந்தியருக்கெனத் தனி அளவு முறை ஒன்றும் முன்மொழியப்பட்டிருக்கிறது.

நிற்க. இதைப் படித்துவிட்டுச் செருப்பையே கழற்றி எறிந்துவிட வேண்டாம். வெறுங்காலுடன் நடந்த நம் முன்னோரைக் கொக்கிப்புழுவும் முள்ளும் துருப்பிடித்த ஆணியும் வதைத்ததை மறத்தலாகாது. காலணி தேவைதான். அது பாதத்தின் வடிவத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதே நாம் கூற வருவது.

கோணலும் கோணலல்லாதவையும்

பெருவிரல் மூட்டில் வரும் வலி அனைத்தும் இக்கோணலால் வருவதன்று. நள்ளிரவில் திடீரென மூட்டு சிவந்து, போர்வை பட்டாலும் பொறுக்க இயலாதபடி வலித்தால், அது யூரிக் அமிலம் மிகுவதால் வரும் ‘கவுட்’ என்னும் வாதமாக இருக்கலாம். இரு கை விரல் மூட்டுகளிலும் காலையில் வீக்கமும் இறுக்கமும் சேர்ந்திருந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். விரல் நேராகவே இருந்து, மேல்நோக்கி மடக்க மட்டும் முடியாமற் போனால் அது மூட்டுத் தேய்மானம். காய்ச்சலுடன் சிவப்பும் சீழும் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கால் ஆணி என்பது அழுத்தத்தால் தோல் மட்டும் தடித்து ஆணிபோல் உட்செல்வது. அது கோணலின் விளைவாக, இரண்டாம் விரலின் கீழோ மேலோ வருவதுண்டு; கோணலும் ஆணியும் ஒன்றல்ல.

கோணல் முற்றும்போது பெருவிரல் இரண்டாம் விரலை மேலே ஏற்றிவிடுகிறது. மெட்டி அணிந்த விரல் அதுவே என்பதால், நெருக்குண்டு வீங்கிய விரலில் மெட்டி அழுந்திப் புண் செய்வதுண்டு. அத்தகையோர் மெட்டி இறுகுவதற்கு முன்பே அதனைக் கழற்றி, விரித்துச் சுருக்கக்கூடிய வாய் திறந்த மெட்டியாக மாற்றிக்கொள்வது நலம்.

திருமணி தந்த பாடம்

நாவலூருக்குத் தென்மேற்கே, செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் மருத்துவ நிலையம் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மறு ஆண்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று இந்நிலையத்தைப் பார்வையிட்டார். மடங்கிப்போன விரல்களுடன் நின்ற ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, அப்பிடியில் இருந்த வலு அவரைத் திடுக்கிடச் செய்தது. விரல் கோணியிருந்தாலும் தசைகள் பல உயிருடன் இருக்கின்றன என்று அவர் உணர்ந்தார். கையிலும் காலிலும் அவர் பின்னர் செய்த மறுசீரமைப்பு அறுவைகள் அனைத்துக்கும் வித்து அன்றே விழுந்தது.

தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்பதே அதுவரை உலகின் நம்பிக்கை. பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் உண்மையைக் கண்டனர். உணர்ச்சி அற்றுப்போன பாதத்தில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம். வலி தெரிந்தவன் நொண்டி நடந்து அந்த இடத்தைக் காத்துக்கொள்கிறான். வலி தெரியாதவன் புண்ணின் மேலேயே நடந்து காலை இழக்கிறான். இதற்கு மாற்றாக வேலூரிலும் கரிகிரியிலும் உருவாகிப் பரவியதுதான் நுண்துளை இரப்பர் பதித்த மிதியடி. அழுத்தத்தை ஓரிடத்தில் குவிக்காமல் பாதம் முழுவதும் பகிர்ந்தளிப்பது அதன் நுட்பம். ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்று நீரிழிவு மருத்துவமனைகள் பரிந்துரைப்பது இதனையே.

இந்தப் பாடம் நமக்கு ஏன்? நீரிழிவு பாதத்தின் நரம்புகளை மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்கிறது. 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது. மரத்த பாதமும் கோணிய பெருவிரலும் ஒருவரிடமே சேர்ந்தால் அது பெரும் அபாயம். புடைப்பில் செருப்பு உராய்ந்து புண்ணாவதை அவர் அறிவதேயில்லை; காலுறையில் கறை கண்ட பிறகே அறிகிறார். ஆகவே நீரிழிவுடையோர் நாள்தோறும் இரவில் பாதத்தை மேலும் கீழும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

மூன்று செயல்களை இவர்கள் அறவே விலக்க வேண்டும். தடித்த தோலைப் பிளேடால் சீவுதல் கூடாது. மருந்துக் கடையில் விற்கும் ‘கார்ன் கேப்’ ஒட்டுதல் கூடாது; அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். செங்கல்லைச் சுட்டு எருக்க இலையின்மேல் கால் வைத்தல், சேங்கொட்டை எண்ணெய் தடவுதல் ஆகியவையும் கூடா. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் எழுந்த பின்னரே தெரியும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பெசன்ட் நகருக்கும் வேளாங்கண்ணிக்கும் வெறுங்காலுடன் நடந்து செல்லும் நேர்ச்சை நம்மிடையே உண்டு. கால் மரத்துப்போனவர்கள் தார்ச் சாலையில் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. மெத்தென்ற செருப்புடன் நடந்தால் நேர்ச்சை குறைவுபடாது. ஐயமிருப்பின் பங்குத்தந்தையைக் கேட்டுத் தெளியலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

கோணலைக் களிம்பாலோ மாத்திரையாலோ நிமிர்த்த முடியாது. ஆனால் பெரும்பாலோர்க்கு வலியைத் தணித்து, இயல்பாக நடமாட வழி உண்டு.

முதலாவது காலணி. ஒரு தாளைத் தரையில் விரித்து, வெறுங்காலுடன் அதன்மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிடுங்கள். அக்கோட்டின்மேல் உங்கள் காலணியை வையுங்கள். காலணியின் விளிம்புக்கு வெளியே கோடு தெரிந்தால், அத்தனை தூரம் உங்கள் பாதம் நாள்தோறும் நசுக்கப்படுகிறது என்று பொருள். காசில்லாத சோதனை இது. வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரு ஞாயிறு மாலையில் செய்து பாருங்கள்.

புதுக் காலணி வாங்குவோர் மாலை நேரத்தில் வாங்குக. நாளின் இறுதியில் பாதம் சற்று வீங்கியிருக்கும். இரு பாதமும் ஒரே அளவல்ல. பெரிய பாதத்துக்கேற்ப வாங்குக. நின்ற நிலையில், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருத்தல் வேண்டும். முன்புறம் அகன்றும் ஆழமாகவும், குதி ஓர் அங்குலத்துக்கு மேற்படாமலும், புடைப்பின்மேல் தையலோ வாரோ படாமலும், பின்புறம் வார் அல்லது கயிற்றால் கட்டக்கூடியதாகவும் பார்த்துக்கொள்க. ‘போடப் போடத் தளர்ந்துவிடும்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். தளர்வது உங்கள் மூட்டாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, வலி மிகுந்த நாளில் செய்ய வேண்டியவை. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து, பதினைந்து நிமிடங்கள் வைக்கலாம். மரத்த காலுடையோர் இதனையும் தவிர்க்க வேண்டும். புடைப்பைச் சுற்றி மெத்தையான திண்டு ஒட்டலாம். பாராசிட்டமால் உட்கொள்ளலாம். வீக்கம் தணிக்கும் வலுவான மாத்திரைகளை, சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப்புண்ணும் உடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது.

மூன்றாவது, பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து, விரல்களை விசிறிபோல் விரித்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். பத்து முறை செய்யுங்கள். பெருவிரலைக் கையால் மெல்ல நேராக இழுத்துப் பிடியுங்கள். பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, கால் விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். வீட்டுப் பிள்ளைகளும் உடன் சேர்ந்துகொள்வார்கள். சுவரில் கைகளை ஊன்றி ஒரு காலைப் பின்னே நீட்டி, கெண்டைக்காலை நீட்சியுறச் செய்யுங்கள். பாதத் தசைகள் வலுப்பெறும். வலியும் ஓரளவு குறையும்.

விரல்களுக்கிடையே வைக்கும் சிலிக்கான் அடைப்பும் இரவில் கட்டும் பட்டையும் கடைகளில் விற்கப்படுகின்றன. அணிந்திருக்கும் நேரத்தில் இதம் தரலாம். கழற்றியபின் விரல் பழைய இடத்துக்கே திரும்பும். ‘30 நாளில் கோணல் நிமிரும்’ என்னும் விளம்பரங்களில் பணத்தை இழக்க வேண்டாம்.

கோவிலில் முழந்தாளிடும்போது, விரல்கள் பின்னோக்கி மடங்கி அம்மூட்டின்மேல் பாரம் விழுகிறது. வலியுடையோர் புறங்கால் தரையில் படும்படி விரல்களை நீட்டி முழந்தாளிடலாம். அதுவும் இயலாவிடின் அமர்ந்தே செபிக்கலாம். நெடுநேரம் நின்று பணிபுரியும் செவிலியரும் ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் இடையிடையே அமர்வதற்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

அறுவை சிகிச்சை எப்போது?

‘எலும்பு முறிவுப் பிரிவு’ என்று பெயர்ப்பலகை இருப்பதால், எலும்பு முறிந்தவர்கள் மட்டுமே அங்குச் செல்ல வேண்டும் என்று நம்மவர் எண்ணுகின்றனர். பெருவிரல் கோணலையும் பார்க்கும் மருத்துவர் அங்கேயே இருக்கிறார். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை போன்ற இடங்களில் இப்பிரிவு உண்டு.

அகன்ற காலணியும் பிற முயற்சிகளும் பயன்படாமல், நாள்தோறும் வலி நடையைத் தடுக்கும்போதே அறுவை சிகிச்சையை எண்ண வேண்டும். காலின் அழகுக்காகவோ, கூர்நுனிக் காலணி அணியும் ஆசைக்காகவோ செய்துகொள்வது விவேகமன்று. இக்கோணலுக்கென நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரே முறை எல்லோர்க்கும் பொருந்தாது என்பதற்கு அதுவே சான்று. புடைப்பை மட்டும் செதுக்கி எடுப்பது போதாது; சாய்வு அப்படியே இருந்தால் புடைப்பு திரும்பும். ஆகவே நீண்ட எலும்பைத் தக்க இடத்தில் வெட்டி, நகர்த்தி, நேராக நிறுத்தி, சிறு திருகாணிகளால் இணைக்கின்றனர். கடுமையான சாய்வில், பாதத்தின் நடுவிலுள்ள மூட்டையே இணைத்து உறுதிப்படுத்துவதும் உண்டு. சிறு துளைகள் வழியே செய்யும் முறையும் இன்று வந்துள்ளது.

எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அக்காலத்தில் தனிவகைக் காலணியுடன் குதிகாலில் பாரம் வைத்தே நடக்க வேண்டும். வீக்கம் முற்றிலும் வடியப் பல மாதங்கள் பிடிக்கும். பெரும்பாலோர்க்கு வலி நீங்குகிறது. எனினும் கிருமித்தொற்று, மரமரப்பு, மூட்டு இறுக்கம், மீண்டும் சாய்தல் ஆகியவை சிலருக்கு நேர்வதுண்டு. தரையில் அமர்வதும், குந்தியிருப்பதும் நம் வாழ்வின் பகுதி. விரல் எவ்வளவு மடங்கும் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்க. வீட்டில் சமைப்பவர் யார், படியேறி இறங்க என்ன வழி என்பதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் இந்த அறுவைக்கு உட்படுவோர் பெரும்பாலும் சமையலறையின் பொறுப்பைச் சுமப்பவர்களே. சர்க்கரை கட்டுப்படாத நிலையிலும், இரத்த ஓட்டம் குறைந்த காலிலும், புகைபிடிப்போரிடமும் புண் ஆறுவது கடினம்.

பிள்ளைகளின் கால்கள்

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது கறுப்பு பூட்ஸும் வெள்ளைக் கான்வாஸும் வாங்குகிறோம். வளரும் பிள்ளையின் பாதம் அதே ஆண்டு பிப்ரவரிக்குள் ஓர் அளவு கூடிவிடக்கூடும். ‘இன்னும் இரண்டு மாதந்தானே, ஓட்டிவிடலாம்’ என்கிறோம். அண்ணன் பூட்ஸ் தம்பிக்கு, அக்காள் பூட்ஸ் தங்கைக்கு என்று கைமாறுவதும் உண்டு. பிள்ளையின் எலும்பு இன்னும் முற்றாதது. நெருக்கினால் நெருக்கிய வடிவத்துக்கு இணங்கிவிடும். அதனால் பிள்ளைக்கு வலியும் தெரிவதில்லை. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளையை நிற்க வைத்து, பூட்ஸின் முனையைப் பெற்றோரே அழுத்திப் பார்க்க வேண்டும். இடமில்லையெனில் மாற்ற வேண்டும். காலுறையும் விரலை நெருக்கக் கூடாது. வீட்டிலும் மணற்பாங்கான தூய இடத்திலும் வெறுங்காலுடன் ஓடியாட விடுங்கள். பிள்ளைப் பருவத்திலேயே கோணல் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சி முடியும்வரை அறுவையைப் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள்.

நம் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சீருடையின் ஒழுங்கு நிறத்தில் இருக்கட்டும். வடிவத்தில் அகன்ற முனைக் காலணியையும், கால் வலிக்கும் பிள்ளைக்கு வார்ச் செருப்பையும் அனுமதிக்கலாம். அதனால் ஒழுங்கு குலைந்துவிடாது.

இறுதியாக ஒன்று. காய்ச்சல் என்றால் வீடே கூடி நிற்கிறது. கால் வலி என்றால் ‘வயதாகிவிட்டது’ என்று ஒரு சொல்லில் முடிக்கிறோம். அம்மா மாலைத் திருப்பலிக்கு வருவதை ஏன் நிறுத்தினார், கடைத்தெருவுக்குப் போக ஏன் தயங்குகிறார், திருமண வீட்டில் செருப்பை ஏன் நாற்காலிக்கடியில் கழற்றிவைத்தே அமர்ந்திருக்கிறார் என்று நாம் கேட்பதில்லை. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை ஒருமுறை பாருங்கள். கோணல் இருந்தால் நாணப்பட ஒன்றுமில்லை. அகன்ற காலணி ஒன்று வாங்கிக் கொடுங்கள். நீரிழிவும் சேர்ந்திருந்தால் அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்குச் செல்லும்போதே காலையும் மருத்துவரிடம் நீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.